மேலே ஏறிவரும் வித்தை

1900ஆம் ஆண்டு. சிமி தீவைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பஞ்சு எடுப்பவர்கள் புயலுக்குப் பயந்து, ஆன்டிகைத்தரா என்ற சின்னத் தீவின் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். காற்று தணிந்தது. வந்ததே வந்தோம், இங்கேயும் பஞ்சு கிடைக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என எலியாஸ் ஸ்டாடியாடிஸ் செம்புத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினார். போன வேகத்திலேயே கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தார். தூக்கிப் படகில் போட்டபோது அவருக்கு உடம்பு நடுங்கியது. அடியில் மனிதப் பிணங்களும் செத்த குதிரைகளும் குவிந்து கிடக்கின்றன என்று சொன்னார். தலைவர் டிமிட்ரியோஸ் கோண்டோஸ் தானே இறங்கிப் பார்த்துவிட்டு, வெண்கலத்தில் வார்த்த ஒரு கையோடு மேலே வந்தார். ஸ்டாடியாடிஸ் கண்டவை சிலைகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மூழ்கிய கப்பலின் சரக்கு அது.

அந்தக் கப்பலிலிருந்து வந்த பல்சக்கரப் பொறி ஒன்று சூரியன், சந்திரன் இவற்றின் நிலைகளைக் கணக்கிட்டுக் காட்டியது. இன்றும் ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் காட்சியகத்தில் அதன் முன்னால் கூட்டம் நிற்கிறது. ஆனால் சுமார் 45 மீட்டர் ஆழத்திலிருந்து அந்தப் பொருள்களை எடுத்த வேலையில் ஒருவர் உயிரிழந்தார். இருவர் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாதபடி ஆனார்கள். சுறா எதுவும் தாக்கவில்லை, மூச்சும் முட்டவில்லை. பத்திரமாக மேலே வந்து, தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகு விழுந்தார்கள்.

ஏன்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் முக்குளிப்பின் வரலாறு பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது. எவ்வளவு ஆழம் போகலாம் என்றுதான் வெளியாட்கள் கேட்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் கேட்பது வேறு: எப்படித் திரும்பி வருவது? கல்லைக் கட்டிக்கொண்டால் யாரும் கீழே போய்விடலாம். ஏறிவரக் கற்றுக்கொள்ள மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. கற்ற பாடம் இன்னும் எல்லாரையும் போய்ச் சேரவும் இல்லை.

முதலில் அழுத்தம். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று முழுவதும் சேர்ந்து நம்மை அழுத்திக்கொண்டே இருக்கிறது. பிறந்ததிலிருந்து பழகியதால் தெரிவதில்லை. பல கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கும் காற்று தரும் அந்த அழுத்தத்தைக் கடல்நீர் வெறும் 10 மீட்டரில் தந்துவிடும். ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. உடம்பின் சதையும் ரத்தமும் பெரும்பாலும் நீர் என்பதால் அவை நசுங்குவதில்லை. காற்று இருக்கும் இடங்கள்தான் அகப்பட்டுக்கொள்கின்றன: காது, மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகள், நுரையீரல்.

அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் கனஅளவு பாதியாகும் என்று ராபர்ட் பாயில் 1662இல் எழுதிவைத்தார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யும் இந்த விதியைத் தண்ணீருக்குள் காது சொல்லிக்கொடுத்துவிடும். நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் இரண்டு, மூன்று மீட்டர் இறங்கினாலே செவிப்பறை உள்ளே தள்ளப்பட்டு வலிக்கத் தொடங்குகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெல்ல மூச்சை அழுத்தினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் நுண்குழல் வழியாகக் காற்று ஏறி, ‘டப்’ என்று வலி விடும். முக்குளிப்பவர்கள் இறங்கும்போது மீட்டருக்கு ஒருமுறையாவது இதைச் செய்கிறார்கள். முகக்கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடியிருப்பதற்கும், மூக்கு மட்டும் ரப்பரில் பிதுங்கி நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணம். சளி பிடித்திருந்தால் அந்தக் குழல் அடைத்துக்கொள்ளும், அன்று இறங்கக்கூடாது.

சினிமாவில் கதாநாயகன் நாணல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஆற்றின் அடியில் ஒளிந்திருப்பான். உண்மையில் ஒரு மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சுக்கூட்டைத் தண்ணீர் அழுத்தும் விசையை மீறி மேலேயிருந்து காற்றை இழுக்க மார்புத் தசைகள் திணறிப்போகும். நீளமான குழாயில் விட்ட மூச்சே திரும்பத் திரும்ப உள்ளே வரும். கடைகளில் விற்கும் ஸ்நார்க்கல் குழாய் ஒரு முழத்துக்குள் நின்றுவிடுவது இதனால்தான். கீழே மூச்சுவிட வேண்டுமானால், சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்று வந்தாக வேண்டும். முக்குளிப்புக் கருவிகள் எல்லாம் இந்த ஒரு தேவைக்குப் பிறந்தவை. வால்மீன் புகழ் எட்மண்ட் ஹாலி 1691இல் பெரிய மணி வடிவப் பெட்டியைத் தண்ணீருக்குள் இறக்கி, பீப்பாய்களில் காற்றை அனுப்பிக்கொண்டே, தோழர்களுடன் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அகஸ்டஸ் சீபே 1837இல் செம்புத் தலைக்கவசத்தை நீர்புகாத உடையோடு சேர்த்தார். மேலே படகிலிருந்து பம்பு அடிக்க, கீழே மனிதன் நடந்தான்.

காற்றுக் கிடைத்தது, கூடவே புது நோயும் வந்தது. நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தைக் கட்டும்போது, ஆற்றின் அடியில் அமுக்கிய காற்று நிரப்பிய பெரும் பெட்டிகளுக்குள் தொழிலாளர்கள் தோண்டினார்கள். வேலை முடிந்து மேலே வந்ததும் சிலருக்கு மூட்டுகளில் தாங்க முடியாத வலி, சிலருக்குக் கால் செயலிழப்பு, சிலருக்குச் சாவு. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் அப்படித்தான் படுக்கையில் விழுந்தார். அவருடைய மனைவி எமிலி ரோப்ளிங் கணிதமும் கட்டுமானமும் தானே படித்து, கணவரின் உத்தரவுகளைக் களத்துக்குக் கொண்டுபோய், பத்தாண்டுக்கு மேல் வேலையை நடத்தினார். 1883இல் பாலம் திறந்தபோது முதலில் கடந்தவர் அவர்தான்.

காரணத்தைப் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர்ட் 1878இல் எடுத்துச் சொன்னார். நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை. சாதாரணமாக வந்தவழியே போய்விடும். அழுத்தம் கூடும்போதோ அது ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புகளிலும் கரைந்து சேர்கிறது. கோலி சோடா பாட்டிலை நினைத்துப் பார்த்தால் போதும்: மூடியிருக்கும்வரை உள்ளே வாயு இருப்பதே தெரியாது, கோலியைத் தட்டியதும் குபுகுபுவென்று பொங்கும். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வருபவரின் உடம்புக்குள்ளும் குமிழிகள் கிளம்புகின்றன. மூட்டில் கிளம்பினால் வலி, தண்டுவடத்தில் கிளம்பினால் முடக்கம்.

மருந்து என்ன? நிதானம்தான். ஸ்காட்லாந்து உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்தார். ஆட்டின் உடம்பு மனித உடம்புக்கு ஓரளவு நெருங்கிய அளவு; தவிர, மூட்டு வலித்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்று காட்டிக்கொடுத்துவிடும். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், ஏறிவரும் வழியில் எந்தெந்த மட்டத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார். இன்று மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி செய்யும் கணக்குக்கு அந்த அட்டவணையே வேர். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல் வருவதும், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவதும் இன்று பொழுதுபோக்காக முங்குபவர்களுக்கும் பழக்கமாகிவிட்டன. ஆன்டிகைத்தராவில் இறங்கியவர்களுக்கு இந்த அட்டவணை ஏழெட்டு ஆண்டு பிந்திவிட்டது.

கருவி எதுவும் இல்லாமல், மூச்சை அடக்கி இறங்குகிறவர்களின் கதை இதைவிடப் பழையது. அதில் நம் கடலுக்குப் பெரிய பங்கு உண்டு. மன்னார் வளைகுடாவில் கொற்கை துறைமுகமாக இருந்த காலத்திலேயே முத்து உலகச் சந்தைக்குப் போனது. பிற்காலத்தில் அரசே முத்துக்குளிப்புக்கு நாள் குறித்து, சலாபம் என்று அறிவிக்கும். முத்துச் சிப்பி விளையும் பார்களுக்கு மேலே நூற்றுக்கணக்கான தோணிகள் நிற்கும். குளிப்பவர் ஒரு கனமான கல்லில் காலை ஊன்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு விர்ரென்று இறங்குவார். அடியில் கல்லை விட்டுவிட்டுச் சிப்பிகளைப் பையில் அள்ளுவார். கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். எல்லாம் ஒரு நிமிடச் சொச்சத்துக்குள். இதையே நாளெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இழுப்பவர் கண் அசந்தால் குளிப்பவரின் உயிர் போய்விடும். அக்காள் தங்கையின் தாலிக்காகவாவது மச்சான் கயிற்றை விடமாட்டான் என்று அவன் கையில்தான் கொடுப்பார்கள் எனத் தென்மாவட்டங்களில் இன்றும் சொல்வதுண்டு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிகள் படகோடு போவார்கள். மார்க்கோ போலோவே அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி பெருகவில்லை. மூச்சடக்கி இறங்குவது மட்டும் நிற்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களை இன்றும் பார்க்கலாம். பாறையும் பவளமும் கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி போட்டு, சேலைக்கு மேலே சட்டை அணிந்து, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். முங்கி, பாசியைப் பிடுங்கி, தலை தூக்கி ஒரு மூச்சு, மறுபடி முங்கல். எந்தப் பயிற்சிக்கூடமும் அவர்களுக்குச் சான்றிதழ் தந்ததில்லை. இந்தியாவின் மிகத் தேர்ந்த முக்குளிப்பவர்களின் பட்டியல் ஒன்று எழுதினால் அவர்கள் இல்லாமல் எழுத முடியாது.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் இதே வேலையைச் செய்யும் பெண்களுக்கு ஹேன்யோ என்று பெயர். பெரும்பாலானோர் 60 வயதைக் கடந்த பாட்டிகள். காற்று உருளை வாங்க வசதியிருந்தும், அதைக் கொண்டுபோனால் கடலில் ஒன்றும் மிஞ்சாது என்று மூச்சடக்கியே போகிறார்கள். மேலே வந்ததும் அவர்கள் விடும் மூச்சு சீழ்க்கை ஒலியாகக் கடற்கரை வரை கேட்கும். யுனெஸ்கோ 2016இல் இந்தப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தென்கிழக்கு ஆசியாவில் படகிலேயே வாழ்ந்துவந்த பஜாவ் மக்களை ஆராய்ந்தவர்கள் 2018இல் இன்னொரு விஷயத்தைக் கண்டார்கள்: அவர்களின் மண்ணீரல், கரையில் வாழும் அண்டை இனத்தாரின் மண்ணீரலைவிட ஏறக்குறைய பாதி பங்கு பெரியது. மூச்சை அடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேர்த்துவைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும்; ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

பஜாவ் இனத்தில் பிறக்காதவர்களுக்கும் உடம்பு ஒரு சலுகை வைத்திருக்கிறது. குளிர்ந்த நீரில் முகம் நனைந்து மூச்சும் நின்றால் இதயத் துடிப்பு தானாகக் குறைகிறது. கை கால்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் முதலிடம் கிடைக்கிறது. சீல், திமிங்கிலம் போன்றவற்றிடம் மிகப் பெரிய அளவில் உள்ள அதே ஏற்பாடு.

இந்த இடத்தில் இளையவர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் கிணற்றிலும் கண்மாயிலும் யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று பந்தயம் கட்டாத ஊர் இல்லை. பந்தயத்தில் ஜெயிக்கச் சிலர் இறங்குமுன் வேகவேகமாகப் பத்து, இருபது மூச்சு இழுத்துவிடுவார்கள். அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறிவிடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் இறங்குகிறது. ‘போதும், மூச்சு விடு’ என்று மூளையை உந்துவது பெரும்பாலும் அந்தக் கார்பன் டை ஆக்சைடே. அது குறைந்துவிட்டால் எச்சரிக்கை வராது. ஆக்சிஜன் தீர்ந்து, வலியும் திணறலும் இல்லாமல், நினைவு அறுந்துவிடும். ஆழத்திலிருந்து ஏறும்போது அழுத்தம் குறைவதால் நுரையீரலில் எஞ்சிய ஆக்சிஜனின் வலிமையும் சட்டென்று விழுகிறது. அதனால் மயக்கம் வருவது பலமுறை கடைசிச் சில மீட்டர்களில்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போகிறார்கள். பந்தயத்துக்கு முன் வேகமூச்சு கூடாது. தனியாக மூச்சடக்கிப் பழகவே கூடாது. கரையில் ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூச்சு அடக்காமலே, கயிறும் பம்பும் இல்லாமலே, மீனோடு மீனாகப் போகும் வழி இரண்டாம் உலகப் போரின் நடுவில் திறந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பில் பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். எஞ்சினுக்குத் தேவையான அளவு மட்டும் வாயுவை விடும் ஒரு வால்வை எமில் கன்யான் என்ற பொறியாளர் செய்து வைத்திருந்தார். கடற்படை அதிகாரி ழாக் இவ் குஸ்தோ அவரிடம் வந்து, மனிதனுக்குத் தேவையான அளவு மட்டும் காற்றை விடும் வால்வு வேண்டும் என்றார். 1943 தொடக்கத்தில் மார்ன் நதியில் சோதித்தபோது உடம்பு சாயும் கோணத்தைப் பொறுத்துக் காற்று அதிகமாகப் பீறிட்டது அல்லது நின்றது. வெளியேறும் வழியையும் உள்ளே வரும் வழியையும் ஒரே மட்டத்துக்கு மாற்றினார்கள், சரியாயிற்று. அந்தக் கோடையில் மத்தியதரைக் கடலில் குஸ்தோ தலைகீழாகவும் மல்லாந்தும் நீந்திப் பார்த்தார். இன்று உலகெங்கும் முதுகில் உருளையோடு இறங்குகிறவர்கள் பயன்படுத்தும் ஸ்கூபா கருவியின் அடிப்படை அதுவே.

குஸ்தோவின் ‘மௌன உலகம்’ திரைப்படம் 1956இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. கடலுக்கடியை முதன்முறையாக வண்ணத்தில் பார்த்துப் பல்லாயிரம் பேர் முக்குளிப்புக்கு வந்தார்கள். அதே படத்தில் மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். சுறாக்களை இழுத்துப் போட்டு அடித்துக் கொல்கிறார்கள். இன்று பார்க்கும்போது மனம் கசக்கிறது. பிற்காலத்தில் கடலைக் காக்கக் குரல் கொடுத்த மனிதரும் அவரேதான்.

சரி, இன்று ஒரு பதினைந்து வயதுப் பெண் ஸ்கூபா பழகப் போனால் என்ன நடக்கும்? முதலில் குளம். இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, காற்று தரும் ரெகுலேட்டரை வாயில் கவ்வி, முகத்தைத் தண்ணீருக்குள் கொண்டுபோகச் சொல்வார்கள். மனம் மறுக்கும், நீருக்குள் மூச்சை இழுக்காதே என்று பிறவியிலிருந்தே பழகிய உடம்பு அது. இரண்டு, மூன்று மூச்சுக்குப் பிறகு, வெளியே விடும் குமிழிகள் கடகடவென்று காதோரம் ஏறும் சத்தம் பழகிவிடும். அடுத்த பாடம் முகக்கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது. தலையைச் சற்று அண்ணாந்து, கண்ணாடியின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் மெதுவாக ஊத வேண்டும். கீழ்விளிம்பு வழியாகத் தண்ணீர் வழிந்துவிடும். பயம் போவது பெரும்பாலும் இந்தப் பாடத்தில்தான்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்றைப் பயிற்சியாளர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்: மூச்சைப் பிடிக்காதே. முத்துக் குளிப்பவர் மேலேயிருந்து கொண்டுபோன காற்று கீழே சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கே திரும்பும், ஆபத்தில்லை. ஸ்கூபாவில் இழுப்பது அழுத்தம் கூடிய காற்று. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. சவ்வு கிழிந்து காற்று ரத்தத்தில் கலக்கும். ஒன்றிரண்டு மீட்டர் ஆழமே இதற்குப் போதும் என்பதால் குளத்திலும் இந்த விதிக்கு விலக்கு கிடையாது.

உருளையில் இருப்பது பலர் நினைப்பதுபோல ஆக்சிஜன் அல்ல. வடிகட்டி அமுக்கிய சாதாரணக் காற்று. வழக்கமான அலுமினிய உருளையில் சுமார் 2,200 லிட்டர் அடங்கும். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவருக்கு 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் ஆகும். படபடத்தால் இன்னும் அதிகம். எனவே நல்ல முக்குளிப்பவர் மெதுவாக மூச்சுவிடுவார், கையை ஆட்டமாட்டார், சோம்பேறித்தனமாக மிதப்பதுபோலத் தெரிவார். பேச முடியாது என்பதால் கைதான் வாய். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் ‘நலமாக இருக்கிறேன்’. கட்டைவிரலை உயர்த்தினால் ‘சபாஷ்’ என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ‘மேலே போகலாம்’ என்று பொருள். யாராவது ஒருவர் அதைக் காட்டிவிட்டால் மற்றவர் காரணம் கேட்பதில்லை, சேர்ந்தே ஏறுகிறார்கள். எப்போதும் ஜோடியாகத்தான் இறங்க வேண்டும் என்ற முறையும் இதற்காகவே.

கீழே புலன்களும் மாறிவிடுகின்றன. பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். சுண்டுவிரல் நீள மீனைப் பார்த்தவர் மேலே வந்து கைநீளம் என்று சத்தியம் செய்வார். ஒலி நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைவிட நான்கு மடங்குக்கு மேல். அதனால் மோட்டார் படகு எந்தத் திசையில் வருகிறது என்று காதால் சொல்ல முடியாது. சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே தேய்ந்துபோகும். 20 மீட்டரில் விரல் கீறி ரத்தம் வந்தால் அது பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். விளக்கைப் போட்டதும் சாம்பல் நிறமாக நின்ற பவளப்பாறை செக்கச்செவேலென்று எழுந்து நிற்கும். 30 மீட்டருக்கு அப்பால் நைட்ரஜன் மூளையை மயக்கத் தொடங்கும். குடித்தவரைப் போலத் தேவையில்லாத தைரியம் வரும். சில மீட்டர் ஏறினால் தெளிந்துவிடும். முதல் நிலைச் சான்றிதழ் 18 மீட்டரோடும், பொழுதுபோக்கு முக்குளிப்பு மொத்தமும் 40 மீட்டரோடும் நின்றுவிடுவதில் இதற்கும் பங்குண்டு.

இந்த எல்லைகளைத் தாண்டி வேலை செய்கிறவர்கள் வேறு வகை. ஒரு ஆழத்தில் போதுமான நேரம் இருந்துவிட்டால் உடம்பு அதற்குமேல் வாயுவை ஏற்காது. ஒரு வாரம் இருந்தாலும் ஒரு மாதம் இருந்தாலும் ஏறிவர ஆகும் நேரம் ஒன்றே. 1970இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் சுமார் 15 மீட்டர் ஆழத்தில் நிறுத்திய டெக்டைட் என்ற வீட்டில், சில்வியா எர்ல் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட குழு இரண்டு வாரம் தங்கிக் கடலுயிர்களை ஆராய்ந்தது. கடலடி எண்ணெய்க் குழாய்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் கப்பலின் மேலேயே அழுத்த அறையில் வாரக்கணக்கில் குடியிருக்கிறார்கள். ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பதால் குரல் கீச்சென்று ஒலிக்கும். வேலை முடிந்தபின் பழைய அழுத்தத்துக்கு வரப் பல நாள் ஆகும். வீடு கண்ணெதிரே இருந்தாலும் கதவைத் திறக்க முடியாது.

முக்குளிப்பால் உயிர் காத்த கதைகளில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகை என்றைக்கும் பேசப்படும். 2018 ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரும் உள்ளே சென்றபோது மழைநீர் வழியை அடைத்தது. ஜூலை 2 அன்று பிரிட்டிஷ் குகை முக்குளிப்பாளர்கள் ரிக் ஸ்டான்டனும் ஜான் வொலாந்தெனும் கலங்கலில் தடவித்தடவிப் போய் அவர்களைக் கண்டார்கள். காற்று உருளைகளை வழியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குனான் உயிரிழந்தார். சிறுவர்கள் வழியில் பதறினால் கூட்டிவருபவரும் சேர்ந்து போய்விடுவார் என்பதால், ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் ஒவ்வொருவருக்கும் மயக்க மருந்து கொடுத்தார்; முழுமுகக் கவசம் மாட்டி, ஒருவர் பின் ஒருவராக வெளியே கொண்டுவந்தார்கள். ஜூலை 10க்குள் பதின்மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

நம் பக்கத்துக் கடலிலும் பார்க்க நிறைய இருக்கிறது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்தது முக்குளிப்பதற்காகத்தான். திருகோணமலையில் கோணேசர் மலையடியில் கிடந்த பழைய கோயிலின் தூண்களை அவரும் நண்பர் மைக் வில்சனும் கண்டார்கள். 1961இல் தெற்கே பாறைத்திட்டு ஒன்றில் வில்சனின் குழுவுக்கு அவுரங்கசீப் காலத்து வெள்ளிக் காசுகள் கிடைத்தன. மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கீழே, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் கிடக்கிறது. பூம்புகாருக்கு எதிரே 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஒரு கட்டமைப்பை 1991இல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பார்த்தார்கள். அது மனிதர் கட்டியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளை முங்கி அளந்து, வெளிறியவற்றைக் கணக்கெடுத்து, உடைந்த துண்டுகளை மீண்டும் நட்டு வளர்க்கும் ஆய்வாளர்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலைக்கு ஸ்கூபா ஒரு கருவி, அவ்வளவே, நுண்ணோக்கிபோல.

அதே தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களும் இருக்கிறார்கள். வங்காளத்தில் வளையல் அறுக்கப் போகும் சங்கை எடுக்க, படகில் வைத்த காற்றழுத்தி எந்திரத்திலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாயை வாயில் கவ்வி இறங்குகிறவர்கள் பலர். இலங்கையின் வடபகுதியில் சங்குக்கும் கடல் அட்டைக்கும் போகும் சுழியோடிகள் ஒரே நாளில் பல உருளைகளைக் காலி செய்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டு மிஸ்கிட்டோ இனத்தவர் சிங்கி இறாலுக்காக இப்படியே இறங்கி, நூற்றுக்கணக்கில் முடமானார்கள். 42 பேரின் வழக்கில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021இல் அந்த நாட்டு அரசின் பொறுப்பை உறுதிசெய்தது. ஹால்டேனின் அட்டவணை வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சுற்றுலாப் பயணியின் மணிக்கட்டில் அது ஒளிர்கிறது; சங்கு குளிப்பவரின் படகில் அது இல்லை. முக்குளிப்பைப் பற்றி எழுதும் யாரும் இதைத் தாண்டிப் போய்விடக்கூடாது. சிகிச்சை தெரியாத நோயல்ல இது: நோயாளியை அழுத்த அறையில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, அழுத்தத்தை மெல்லக் குறைத்தால் குமிழிகள் கரையும். சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். அறை பக்கத்தில் இருக்க வேண்டும். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் ஊர்களில் ஐஸ் பிளான்ட் இருப்பதுபோல இதுவும் இருந்தாக வேண்டிய வசதி.

பழக விரும்பும் இளையவர்களுக்கு: உலகின் பெரிய பயிற்சி அமைப்புகள் 10 வயதிலிருந்து இளையோர் சான்றிதழ் தருகின்றன. பத்து, பதினொரு வயதினர் 12 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, அதுவும் பெற்றோரோ பயிற்சியாளரோ உடன் இருந்தால்தான். 12 முதல் 14 வரை 18 மீட்டர். அதற்கு முன் நீச்சல் நன்றாக வர வேண்டும். புதுச்சேரி, அந்தமானின் ஹேவ்லாக், லட்சத்தீவு, கர்நாடகத்தின் நேத்ராணி ஆகிய இடங்களில் முறையான பயிற்சி உண்டு. சேரும்போது தரும் மருத்துவக் கேள்வித்தாளில் ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவை சிகிச்சை எதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பவளத்தைத் தொடக்கூடாது, துடுப்புக் காலணியின் ஒரு உதைப்பில் பல ஆண்டு வளர்ச்சி ஒடிந்துவிடும். அந்தமானுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையுச்சியில் இருக்கும் அளவுக்குக் குறைவு. நைட்ரஜனுக்கு அதுவும் ஒரு ஏற்றம்தான். ஒருமுறை முங்கியவர் 12 மணி நேரமும், பல நாள் முங்கியவர் 18 மணி நேரமும் கழித்தே சென்னை விமானத்தில் ஏற வேண்டும்.